ஈரமா ஹைட்ரஜனா: பெரியபட்டினத்தில் ஒரு கல்யாண வாரம்

விமான நிலையத்தில் ஹைட்ரஜன் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பையைத் திறக்கச் சொன்ன அதிகாரி, துண்டில் சுற்றி வைத்திருந்த சின்னப் பெட்டியை எடுத்து, "இது என்னம்மா?" என்றார். "ஹைட்ரஜன் வாயு கசிந்தால் காட்டிக்கொடுக்கும் கருவி" என்றேன், கொஞ்சம் பெருமையோடு. முதல் சொல் மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். வாயு இதற்குள்ளே இல்லை, வெளியே இருந்தால்தான் இது கத்தும் என்று மூன்று பேருக்கும் தனித்தனியாக விளக்கினேன். கடைசியாக வந்த பெண் அதிகாரி கேட்டார்: "வீட்டுல கேஸ் லீக்கானா சத்தம் போடுமே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல" என்று பெட்டியைத் திரும்பத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். நான் சுற்றியிருந்ததைவிட நன்றாகவே சுற்றியிருந்தார்.

நான் பிறந்தது ஈப்போவில். வேலை பினாங்கில், ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில். உலோக ஆக்சைடுகளை மெல்லிய படலமாகத் தகட்டில் படியவைத்து, அதன் மேல் நீராவியும் ஹைட்ரஜனும் வந்து ஒட்டும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. என்னோடு ஒரே மேசையில் ஆராய்ச்சி செய்தவள் ஜமீலா. பட்டம் வாங்கிய கையோடு பெரியபட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்துவிட்டாள். இப்போது ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். நாங்கள் சேர்ந்து செய்த முதல் பெட்டியை, மாமனார் நடத்தும் கல்யாண மண்டபத்தின் பேட்டரி அறையில் மாட்டியிருந்தாள். மழைக்காலம் தொடங்கியதும் அவளிடமிருந்து போன் வந்தது.

"மாலதி, ஒன் பெட்டி தெனமும் ஒப்பாரி வைக்குது. என் நாத்தனா கல்யாணத்துக்கு வந்த மாதிரியும் இருக்கும், இத என்னன்னு பாத்த மாதிரியும் இருக்கும். கெளம்பி வா."

கிளம்பினேன்.

மதுரையில் ஏறிய பேருந்து பரமக்குடியை நெருங்கும்போது பஞ்சராகி நின்றது. ஈப்போவில் பேருந்து நின்றால் எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். இங்கே கண்டக்டர் சொல்லுமுன்பே பேருந்து காலியானது. பாதிப் பேர் டயரைச் சுற்றி நின்று ஓட்டுநருக்கு யோசனை சொன்னார்கள், மீதிப் பேர் எதிரே இருந்த டீக்கடைக்குள் புகுந்தார்கள். நான் டீக்கடைக் கட்சி. எங்கள் ஊர் தே தாரிக் டீயைப் போலவே இங்கும் உயரத் தூக்கித்தான் ஆற்றுகிறார்கள். ஆனால் இங்கே தம்ளர் கையைச் சுடுகிறது, இஞ்சி தொண்டையைச் சுடுகிறது.

என் பக்கத்து இருக்கையில் வந்த அம்மா, மிளகாய் விவசாயி. காலடியில் ஒரு சாக்கு முண்டு மிளகாய் வைத்திருந்தார். அதன் காரத்தில் நான் மதுரையிலிருந்தே தும்மிக்கொண்டு வந்திருந்தேன். மடியில் பெட்டியைக் கட்டிப்பிடித்து டீ குடிப்பதைப் பார்த்துவிட்டு, "என்னத்தா அது, எறக்கி வைக்க மாட்டேங்கிறீக?" என்று கேட்டார்.

விமான நிலையப் பாடம் நினைவிருந்ததால் வேறு பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். இதற்குள் ஒரு தகடு இருக்கிறது, அதில் வெள்ளீயத்தின் ஆக்சைடு பூசியிருக்கிறது, உள்ளே சூடாகவே இருக்கும். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் அதன் மேல் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கும். ஹைட்ரஜன் வந்தால் அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிப் போய்விடும். பிடி விட்டதும் மின்சாரம் ஓடும், பெட்டி கத்தும்.

"பெறகென்ன, நல்லதுதான?"

"ஈரக்காற்று பட்டாலும் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது அம்மா. மழைக்காலத்தில் பொய்யாகக் கத்துகிறது."

அவர் மிளகாய்ச் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அப்ப எங்க ஊருக்குக் கொண்டாங்க. வருசத்துல முக்காவாசி நாளு ஈரமே இருக்காது."

பெரியபட்டினத்தில் ஜமீலாவின் மாமனார் வாசலில் நின்று என்னை மலாயில் வரவேற்றார். வாலிப வயதில் பினாங்கில் கடை வைத்திருந்தவராம். "சாப்பிட்டாயா? களைப்பா? எங்கள் தெருவில் அந்தப் பெரிய மரம் இன்னும் நிற்கிறதா?" என்று ஒரே மூச்சில் கேட்டார். பக்கத்தில் நின்ற மாமியார் தமிழில், "அவ இப்பத்தான் வந்து எறங்குறா, மரத்த அப்பறம் விசாரிங்க" என்றார். அந்த வீட்டில் கடைசி வார்த்தை யாருடையது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

இடியாப்பமும் மீன் ஆணமும் போட்டார்கள். ஆணம் என்றால் குழம்பு. முதல் வாயிலேயே எனக்குத் திகைப்பு. பினாங்கில் ஆய்வகத்துக்கு எதிர்க்கடையில் மதியம் மதியம் நாசி கண்டார் சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளும் குழம்பின் ருசி அப்படியே இருந்தது. பின்னாலேயே தட்டில் கறுத்து மினுங்கிய ஒரு இனிப்பு வந்தது. "தொதல், சாப்பிட்டுப் பாரு" என்றாள் ஜமீலா. எங்கள் ஊரில் அதற்கு டோடோல் என்று பெயர். பெயர்கூட அதிகம் மாறாமல் கடலைத் தாண்டியிருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்று மாமாவும் நானும் மலாயில் சண்டை போட்டோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு மண்டபத்துக்குப் போனோம். மின்சாரம் போனால் விளக்கும் மின்விசிறியும் நிற்காமலிருக்க, பின்பக்கத்தில் ஒரு சின்ன அறையில் வரிசையாக இன்வெர்ட்டர் பேட்டரிகள். சார்ஜ் ஏறும்போது இவற்றில் ஊற்றியிருக்கும் தண்ணீர் கொஞ்சம் பிரிந்து ஹைட்ரஜன் வரும். காற்றோட்டம் இருந்தால் ஒன்றும் ஆகாது. அடைத்த அறையில் சேர்ந்தால் ஒரு பொறி போதும். மணமும் நிறமும் இல்லாத வாயு, மூக்கை நம்ப முடியாது. அதனால்தான் பெட்டி. உணரும் தகடு அறைக்குள்ளேயும், எண் காட்டும் திரை வெளிச்சுவரிலும் இருந்தன.

அங்கே நின்றிருந்த ஜமீலாவின் கணவர் சாதிக், துபாயிலிருந்து தங்கை கல்யாணத்துக்காக விடுப்பில் வந்தவர், என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க. ஒங்க பெட்டி இந்த வாரம் முழுக்கக் கத்தித் தீத்துருச்சு. பந்தல்காரன் ரெண்டு தடவ ஓடிட்டான். நேத்து நான்தான் சத்தத்த மட்டும் புடுங்கி விட்டேன்."

ஜமீலா அவர் போனதும் சத்தம் வரும் கம்பியைத் திரும்பச் செருகினாள்.

மறுநாள் எங்கள் வேலை ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்தில். ஜமீலாவின் மாணவி ஒருத்தியின் அம்மா பிலோமினா அக்கா. கணவர் விசைப்படகு வைத்திருக்கிறார். அவர்கள் மாடியில் மறைப்பே இல்லாமல் வாடைக்காற்று அடிக்கும், பக்கத்தில் பேட்டரியும் கிடையாது. ஈரமும் உப்பும் மட்டுமே உள்ள இடத்தில், நான் கொண்டுவந்த புதுப் பெட்டி எதுவரை ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

மாடிக் கைப்பிடிக் கம்பியைத் தொட்டேன், உள்ளங்கை செம்மண் நிறமாகிவிட்டது. "கையத் தொடச்சுக்கம்மா" என்று பழைய துணியை நீட்டினார் பிலோமினா அக்கா. "ஈஸ்டருக்கு ஈஸ்டர் பெயிண்ட் அடிக்கிறோம். கிறிஸ்மஸ் வர்றதுக்குள்ள இப்புடி ஆயிருது."

"இந்தக் கரையில ஆக்சைடு தானா வெளையும் மாலதி" என்றாள் ஜமீலா. "நாமதான் ஆய்வகத்துல கஷ்டப்பட்டுச் செய்றோம்."

பெட்டியைக் காற்றுக்கு முகம் காட்டி வைத்தோம். பினாங்கின் குளிரூட்டிய ஆய்வகத்தில் அமைதியாக இருந்த எண், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. கொஞ்ச நேரத்தில் பெட்டி கத்த ஆரம்பித்தது. ஒரு துளி ஹைட்ரஜன் இல்லாத மாடியில், ஹைட்ரஜன் ஹைட்ரஜன் என்று கத்தியது. பிலோமினா அக்கா காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கினார்.

எனக்கு முகம் வாடிவிட்டது. நீராவி அந்தத் தகட்டில் பட்டால் சும்மா ஒட்டுவதில்லை. ஒரு பகுதி உடைந்து, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கைகோத்த துணுக்குகளாக மேற்பரப்பில் தங்கிவிடும். பிறகு உண்மையான ஹைட்ரஜன் வந்தாலும் அதற்கு இடம் குறைவு. ஆய்வகத்தில் இது ஒரு வரைபடத்தின் ஓரத்தில் சிறு வளைவு. இங்கே அந்த வளைவுதான் எல்லாமே.

ஜமீலா மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. தூறல் வந்தபோது குடையைப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தாள். "பாரு, நின்னுருச்சு" என்றாள். உண்மைதான். ஏறிய எண் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. தூறல் வலுத்தது, காற்று வலுத்தது, எண் அதைத் தாண்டவில்லை. "ஈரம் இதுவரைக்கும்தான் தள்ளும். இதுக்கு மேல போச்சுன்னா அது வேற."

"ஒரு மாடியில் ஒரு நாள் பார்த்ததை வைத்து அப்படிச் சொல்ல முடியாது ஜமீலா."

"சொல்லல. மனசுல வச்சுக்கிறேன்."

கீழே பிலோமினா அக்கா கணவாய் மீன் வறுத்து வைத்திருந்தார். பினாங்கில் இதையே சோத்தோங் என்று மாவில் முக்கிப் பொரித்து, இனிப்புச் சட்னியோடு தருவார்கள். இங்கே மிளகும் பூண்டும் மட்டும். நனைந்த தலையோடு, சுடச்சுட, பேச்சே இல்லாமல் சாப்பிட்டோம். திரும்பும்போது பாம்பன் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. சுற்றுலா வந்தவர்கள் ஆங்காங்கே நிறுத்திக் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்டோக்காரர் ஒருவரைப் பார்த்து, "அண்ணே, கடலு அங்கனயேதான் இருக்கும், நாளைக்கும் பாக்கலாம். கொஞ்சம் ஒதுங்குங்க" என்று சொல்லிப் பார்த்தார். அவரும் சிரித்துக்கொண்டே இன்னொரு படம் எடுத்தார்.

அடுத்த நாள் கல்யாணம். காலையிலிருந்தே மழை விட்டுவிட்டுத் தூறியது. மண்டபத்தின் பின்கொட்டகையில் விறகடுப்பு மூட்டி, பெரிய தேக்சாக்களில் பிரியாணி ஏறியிருந்தது. பொறுப்பு காதர் பாய் என்ற பண்டாரிக்கு. விருந்துச் சமையல்காரரை அங்கே பண்டாரி என்கிறார்கள். கொட்டகைக்கு நேர் எதிரேதான் பேட்டரி அறை.

நானும் ஜமீலாவும் பூக்கூடைகளை எடுக்கப் பின்பக்கம் வந்தபோது சுவரிலிருந்த பெட்டி கத்திக்கொண்டிருந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காதர் பாயின் ஆட்கள் அந்தச் சத்தத்துக்கு மேலே குரல் உயர்த்தி வெங்காயம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜமீலா திரையைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். எண் நேற்று மாடியில் நின்ற இடத்தைத் தாண்டியிருந்தது.

"உன் பெட்டி பழசு, என் பெட்டி புதுசு. எண்கள் ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை" என்றேன்.

"அப்ப ஒன் பெட்டியக் கொண்டா."

ஓடிப்போய் எடுத்து வந்தேன். பவர் பேங்கில் செருகி, தகடு சூடாகும்வரை வாசலில் ஈரக்காற்றில் பிடித்தேன். மாடியில் நின்ற அதே இடத்துக்கு வந்து நின்றது. அதை அப்படியே தூக்கிப்போய், பூட்டிய பேட்டரி அறைக் கதவின் மேல் இடுக்கில் நீட்டினேன். ஹைட்ரஜன் லேசானது, மேலேதான் சேரும். எண் ஏறியது. வாசலுக்குக் கொண்டுபோனேன், இறங்கியது. திரும்ப இடுக்கில் வைத்தேன், முன்னைவிட வேகமாக ஏறியது. மழை இரண்டு இடத்திலும் ஒரே மழைதான்.

அண்ணாந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அறையின் மேல் ஜன்னலில் சாக்குகள் திணித்திருந்தன. அடுப்புப் புகை உள்ளே போய் அங்கே வைத்திருந்த மேடைத் துணிகள் கறுத்துவிடக் கூடாதென்று யாரோ அடைத்திருக்கிறார்கள்.

சாதிக் வந்தார். "திரும்பவுமா? நேத்தும் இதத்தான சொல்லுச்சு."

"நேத்து ஈரம். இன்னைக்கு அது இல்ல" என்றாள் ஜமீலா. "நெருப்ப எடுக்கணும். மெயின ஆஃப் பண்ணணும். இப்பவே."

"மாப்பிள்ள வீட்டுக்காரவுக உள்ள உக்காந்திருக்காக ஜமீலா. நிக்காஹ் ஓதப் போறாக."

காதர் பாய் கரண்டியோடு வந்துவிட்டார். "தம் போடுற நேரம்மா இது. மூடி மேல கங்கு வச்சாச்சு. இப்ப எடுத்தா சோறு கொழஞ்சு போயிரும். எம் பேரு போயிரும்."

எனக்கு ஜமீலாவின் நிலைமை புரிந்தது. நான் நாளை மறுநாள் விமானம் ஏறிவிடுவேன். அவள் இந்த வீட்டில் இருக்க வேண்டியவள். வாரம் முழுக்கப் பொய் சொன்ன பெட்டியை நம்பி நாத்தனாரின் கல்யாண அடுப்பை அணைத்தவள் என்ற பேச்சு, தவறாகப் போனால், அவள் கூடவே இருக்கும்.

சத்தம் கேட்டு மாமியார் வந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் ஜமீலாவை மட்டும் பார்த்துக் கேட்டார்: "ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"எவ்வளவு சேந்திருக்குன்னு தெரியாது மாமி. சேந்திருக்கு. அதுக்குப் பக்கத்துல நெருப்பு வைக்க எனக்கு மனசு வரல."

மாமியார் ஒரு நொடி அறைக் கதவைப் பார்த்தார். பிறகு பண்டாரியிடம் திரும்பினார். "காதர் பாய், கங்க அணைங்க. சோறு கொழஞ்சா அந்தப் பேச்ச நான் வாங்கிக்கிறேன்."

அதன் பிறகு யாரும் வாதம் பண்ணவில்லை. அடுப்புகளில் தண்ணீர் ஊற்றினார்கள், கொட்டகை முழுக்கப் புகையும் ஆவியும். கம்பு கொடுத்துத் தேக்சாக்களைத் தூக்கி மண்டபத்தின் முன்பக்கம் கொண்டுபோனார்கள். அறைக்குள் இருக்கும் எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது என்று ஜமீலா திரும்பத் திரும்பச் சொன்னாள். சாதிக் வாசல்பக்கம் போய் மெயினையும், இன்வெர்ட்டரிலிருந்து மண்டபத்துக்கு வரும் இணைப்பையும் அணைத்தார். பிறகு ஏணியை அவரே கொண்டுவந்து சாய்த்து, வெளியிலிருந்து சாக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போட்டார். ஏணியை ஜமீலா பிடித்துக்கொண்டாள்.

உள்ளே மின்விசிறிகள் நின்றன. மைக் நின்றது. ஹஜரத் குரலை உயர்த்தி ஓதி முடித்தார். மாப்பிள்ளை கூச்ச சுபாவம் போல. அவர் ஒப்புக்கொண்டது முன்வரிசைக்குத்தான் கேட்டது. பின்னாலிருந்த பெரியவர் ஒருவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மாப்பிள்ளை இரண்டாம் முறை மண்டபம் அதிரும்படி சொன்னார். பெண்கள் பக்கத்தில் ஒரே சிரிப்பு.

மின்பணியாளர் வந்தபோதும் ஜமீலா அறையைத் திறக்க விடவில்லை. இடுக்கில் பிடித்த எண் வாசலில் பிடித்த எண்ணுக்கு இறங்கும்வரை அவரை நிறுத்தி வைத்தாள். திறந்து உள்ளே போனவர் கையை உதறிக்கொண்டு வெளியே வந்தார். "ரெண்டு பேட்டரி உப்பிக் கெடக்குக்கா. தொட முடியல, அம்புட்டுச் சூடு. சார்ஜர் கட் ஆகவே இல்ல. தண்ணியெல்லாம் கொதிச்சு வத்திப்போச்சு."

சாதிக் ஜமீலாவிடம் வந்து, "சத்தத்த நான் புடுங்கியிருக்கக் கூடாது" என்றார். "ஆமா" என்றாள் அவள். அவ்வளவுதான்.

வெடித்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. எதுவும் நடக்காத இடத்தில் எதை அளப்பது? சாப்பாடு நேரம் தப்பித்தான் வந்தது. சஹன் என்னும் அகன்ற தட்டைச் சுற்றி நாலு நாலு பேராக உட்கார்ந்தோம். அரிசி கொஞ்சம் குழைந்துதான் இருந்தது. எனக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, "என்னமோ மெசினாம், அது கத்துச்சுன்னு அடுப்ப அணைச்சுட்டாகளாம்" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்வது கேட்டது. ஜமீலாவுக்கும் கேட்டிருக்கும். அவள் அந்தத் தட்டுக்கே போய் இன்னும் கொஞ்சம் கறி வைத்தாள். மாமியார் எங்கள் தட்டில் வந்து உட்கார்ந்தார். இறைச்சியைப் பிய்த்து முதலில் ஜமீலா பக்கம் வைத்தார், பிறகு என் பக்கம்.

பந்தி முடிந்து, அணைந்த அடுப்பின் பக்கத்தில் கவிழ்த்திருந்த தேக்சா மேல் இருவரும் உட்கார்ந்தோம். ஜமீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பேசினாள். அவள் அழுதால் உடனே வேலையைப் பேசுவாள், பினாங்கிலும் அப்படித்தான்.

"ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு தகடு வைப்போம் மாலதி. ஒண்ண இன்னும் கூடச் சூடாக்குவோம். சூடான தகட்டுல தண்ணி அவ்வளவு தங்காது. ஹைட்ரஜன் ரெண்டுலயும் காட்டும்."

"ஹைட்ரஜனுக்கும் சூடு கூடினால் கணக்கு மாறுமே."

"மாறட்டும். எப்புடி மாறுதுன்னு பாப்போம். பிலோமினாக்கா மாடி இருக்கு. தகடு நீ செஞ்சு அனுப்பு, இங்கன நான் பாத்துக்கிறேன்."

அவள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபின் ஆராய்ச்சி பற்றி இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சரி என்றேன்.

அந்த நேரத்தில் கொட்டகைப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. மணப்பெண் ரிஸ்வானா, சரிகை முந்தானையைச் சேறு படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் பின்வாசல் வழியாக வந்துவிட்டாள். புருஷன் வீட்டுக்குக் கிளம்பக் கார் நின்றது. முன்பக்கம் அவளைத் தேடிக் கூப்பிடும் குரல்கள் கேட்டன.

"மதினி" என்றாள். அழப்போகிறாள் என்று நினைத்து ஜமீலா எழுந்து கையை விரித்தாள். அவள் அழவில்லை. சுவரிலிருந்த பெட்டியைக் காட்டினாள். "நான் போற வீட்டுலயும் மாடிப்படிக்கு அடியில பேட்டரி இருக்கு. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே அவுக உம்மா பெருமையாச் சொன்னாக. எனக்கும் இது மாதிரி ஒண்ணு வேணும்."

ஜமீலா அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த பூவிதழை எடுத்துவிட்டாள். "மழைக்குப் பதறாதது ஒண்ணு செஞ்சு தாரேன்" என்றாள். "அதுவரைக்கும் அந்தப் படிக்கட்டு ஜன்னலத் தொறந்தே வச்சிரு. யாரு என்ன சொன்னாலும் மூடாத."